பின்சீட்டு இல்லாத வண்டி

மழை விட்டு, சூடான தார் ரோட்டிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்த மத்தியான நேரம். சுங்கை பினாங் அடுக்குமாடிகளுக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டு ஷர்மினி அந்த வீட்டைக் கண்டுபிடித்தாள். தரைத்தளத்தில் கடைசி வீடு. யாரோ நெத்திலி பொரிக்கிற வாசம் நடைபாதை முழுக்க நிறைந்திருந்தது. மேல்மாடிக் கழிகளில் தொங்கிய துணிகள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு ரேடியோவில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேய் பிசாசு என்ற நினைப்பே எட்டிப் பார்க்காத இடம்.

கதவைத் திறந்தவர் சுகுமாரன். நாற்பதைத் தாண்டிய ஆள். ஒடிசலான உடம்பு, மெல்லிய குரல். கையில் ஒரு மஞ்சள் துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"ஃபோன் பண்ண தங்கச்சிதானே? வாங்க. வண்டி பக்கவாட்டுல இருக்கு."

வீட்டை ஒட்டிய தகரக்கூரையின் கீழ், கித்தானால் மூடப்பட்டு அது நின்றது. கித்தானை அவர் தொடவில்லை. "நீங்களே எடுத்துப் பாருங்க," என்று இரண்டடி தள்ளியே நின்றுகொண்டார்.

ஷர்மினி கித்தானை உருவினாள். கரும்பச்சை நிறத்தில், குனிந்து பாயத் தயாராக நிற்கிற மிருகம் மாதிரி ஒரு ஸ்போர்ட் பைக். கீறல் இல்லை, துரு இல்லை, டயரில் இன்னும் பாதிக்கு மேல் உயிர் இருந்தது. படத்தில் பார்த்ததைவிட நேரில் அழகு. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். முன்சீட்டுக்குப் பின்னால் சீட்டே கிடையாது. அந்த இடத்தில் கூம்பு வடிவத்தில் ஒரு கெட்டியான மூடி பொருத்தியிருந்தார்கள். பின்னால் இருப்பவர் கால் வைக்கிற கம்பிகளும் கழற்றப்பட்டிருந்தன.

"பின்சீட்டு எங்கண்ணே?"

"தூக்கிப் போட்டுட்டேன்." அவர் துணியை மடித்தார். "தனியா ஓட்டத்தானே வாங்கறீங்க?"

"ஆமாண்ணே. தனியாத்தான்."

"யாரையும் பின்னால ஏத்த மாட்டீங்கல்ல?"

"ஏத்தறதுக்கு யாரும் இல்லண்ணே," என்று ஷர்மினி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அவள் சொன்னது உண்மைதான். ஷர்மினி பாயான் பாருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தாள். கல்யாணம் ஆகி வாழ்ந்த காலமெல்லாம் புருசனுடைய முதுகைப் பார்த்தபடிதான் ரோட்டைக் கண்டாள். "பொம்பளைக்கு எதுக்கு ஹேண்டில்?" என்பான் அவன். வழக்கு முடிந்து அவனை விட்டு வந்ததும் அவள் செய்த முதல் காரியம் பெரிய பைக் ஓட்ட லைசென்ஸ் எடுத்ததுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில், யாரும் கூட இல்லாமல், தீவை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான்.

திறந்த கதவு வழியாக உள்ளே சுவரில் ஒரு படம் தெரிந்தது. உருண்டை முகம், பெரிய பொட்டு, காய்ந்த மாலை.

"அது..."

"வீட்டுக்காரி. குமுதா. போயிட்டா." அவர் கையை மட்டும் பின்னால் நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தினார்.

திரும்பிச் சாத்தவில்லை. அதை அன்று ஷர்மினி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிற்பாடு யோசித்தபோதுதான் உறைத்தது. அங்கே இருந்த நேரம் முழுக்க, அந்த மனிதர் ஒரு தடவைகூட வண்டிக்கு முதுகு காட்டவே இல்லை.

பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் எல்லாம் முடிந்து வண்டி கைக்கு வந்த ஞாயிறு, விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பினாள். கடைக்காரர்கள் கதவு திறக்கிற நேரம். காற்று குளிர்ந்திருந்தது. எஞ்சின் அவள் மடிக்குக் கீழே உறுமியபோது, எத்தனையோ காலமாக நெஞ்சில் அடைத்திருந்த ஏதோ ஒன்று இளகின மாதிரி இருந்தது. முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பிரேக்கைப் பிடித்தாள்.

டொக்.

ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் ஏதோ வந்து இடித்தது.

பின்னால் ஆள் வைத்து ஓட்டியவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். வண்டி நிற்கும்போது பின்னால் இருப்பவரின் தலை முன்னால் வந்து நம் ஹெல்மெட்டில் முட்டும். ஷர்மினி திரும்பிப் பார்த்தாள். கூம்பு மூடி பளபளத்தது. அதற்குப் பின்னால் ஒரு காய்கறி லாரி, தூக்கக் கலக்கத்தில் டிரைவர்.

ஹெல்மெட் பட்டை தளர்ந்திருக்கும் என்று இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

பாலிக் புலாவைத் தாண்டி, தெலுக் பஹாங் பக்கம் ஏறுகிற மலைப்பாதையில் வண்டி நுழைந்தது. இருபக்கமும் டுரியான் தோப்புகள், ஜாதிக்காய் மரங்கள். வெயில் ஏறியும் அந்தப் பாதைக்குள் வெளிச்சம் இறங்கவில்லை. இலைகள் அழுகிற ஈர வாசம். வளைவுக்கு மேல் வளைவு. முதல் வளைவில் வண்டியைச் சாய்த்தாள். வண்டி சாய மறுத்தது.

பயந்த ஆள் ஒருவர் பின்னால் உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் இருக்கும். ஓட்டுகிறவர் சாயும்போது அவர் கூடச் சாயமாட்டார். விறைத்து நிமிர்ந்து உட்காருவார். அந்தக் கனம் வண்டியை வெளிப்பக்கம் இழுக்கும். ஷர்மினியின் பைக்கை அன்று ஒவ்வொரு வளைவிலும் அப்படி ஏதோ இழுத்தது. ஒரு இடத்தில் பள்ளத்தின் விளிம்பு வரை போய்த்தான் வண்டி திரும்பியது.

மறுநாள் பட்டறையில் விட்டாள். சஸ்பென்ஷன், டயர், சக்கரம், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வண்டி புதுசு மாதிரி இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனாள். இந்த முறை மலையேறும்போதே ஒரு வாசம் அவளைத் தொடர்ந்தது. கோடாலித் தைலம். பஸ்ஸில், காரில் குமட்டுகிறவர்கள் நெற்றியில் தேய்த்துக்கொள்வார்களே, அந்தக் காரமான நெடி. ஹெல்மெட்டுக்குள்ளே, அவளுடைய மூச்சோடு கலந்து வந்தது.

மலைப்பாதையின் மேல்பகுதியில் இடதுபக்கம் கிடுகிடுவென்று இறங்குகிற பள்ளம், வலதுபக்கம் பாறை, நடுவே கத்தி மாதிரி ஒரு வளைவு.

அதை நெருங்கியபோது யாரோ அவள் இடது தோளைத் தட்டினார்கள்.

மெதுவாக, இரண்டு தட்டு. நிறுத்து என்று சொல்லுகிற தட்டு.

ஷர்மினிக்குக் கண்ணாடியில் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

மறுபடி தட்டினார்கள். அவசரமாக. பிறகு கைமுட்டியால் குத்தினார்கள். தோளிலும் முதுகிலும் மாறி மாறி, மூழ்குகிறவர்கள் தண்ணீரை அடிப்பது மாதிரி.

வளைவைத் தாண்டின உடனே வண்டியை ஓரங்கட்டிக் குதித்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். எஞ்சினை அணைத்ததும் காட்டுப்பூச்சிகளின் இரைச்சல் காதை அடைத்தது. பிறகு, யாரோ விசையை அழுத்தினது போல, அந்த இரைச்சல் ஒரேயடியாக நின்றது.

பள்ளத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏங்க..."

வீட்டுக்குள் புருசனைக் கூப்பிடுகிற குரல். சமையலறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

"ஏங்க... இங்க இருக்கேங்க..."

ஷர்மினி விளிம்புக்கு ஓடினாள். ஜாதிமரங்கள், காட்டுச்சேம்பு, பாறைகள். மனித நடமாட்டமே இல்லை. "யாருங்க? அடிபட்டிருச்சா?" என்று கத்தினாள்.

கீழே அமைதி. அந்த அமைதியில், எதிர்பாராத குரலைக் கேட்டுவிட்ட ஒரு திகைப்பு இருந்தது. இத்தனை நேரம் வண்டியோட்டியது தன் புருசன் என்று நினைத்துக் கூப்பிட்டவள், அது வேறு ஆளென்று இப்போதுதான் கண்டாள் போல.

தைல நெடி அவளுடைய கன்னத்தருகே வந்தது. காதுமடலில் ஈரமான மூச்சு பட்டது.

"அவரு எங்க?"

எப்படி வண்டியைக் கிளப்பினாள், எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று ஷர்மினிக்கு நினைவில்லை. பாயான் பாருவில் அவளுடைய அடுக்குமாடியின் கீழே நிறுத்திவிட்டு, மின்தூக்கிக்குக் காத்திராமல் படியேறி ஓடினாள். மூச்சு அடங்கியதும் சுகுமாரனுக்கு ஃபோன் போட்டாள்.

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க. இந்த வண்டியில யாராச்சும்..."

மறுமுனையில் அவர் கேள்வியை முடிக்க விடவில்லை.

"தனியாத்தானே ஓட்டறீங்க தங்கச்சி?" என்றார். தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

இன்னொருத்தியாக இருந்தால் அத்தோடு வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டிருப்பாள். ஷர்மினிக்குப் பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. தெரிந்தேதான் அவள் தலையில் கட்டியிருக்கிறான். ஒருத்தன் முதுகுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, கடைசியில் தனக்கென்று ஒரு சீட்டுப் பிடித்தால், அதையும் இன்னொருத்தன் இப்படி ஆக்கிவைத்திருக்கிறான். என்னதான் நடந்தது என்று தெரியாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

வேலை இல்லாத ஒரு நாள் பார்த்து மறுபடி மலையேறினாள். பாதி வழியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மழைச்சட்டை எடுத்து வந்திருக்கவில்லை. அந்த வளைவுக்குச் சற்று மேலே, ரோட்டோரமாக ஒரு பழக்கடை இருந்தது. ஜாதிக்காய் ஊறுகாய் போத்தல்களும் தொங்கவிட்ட வாழைத்தார்களுமாக இருந்த அந்தக் கடையின் கூரைக்குள் வண்டியோடு ஒதுங்கினாள்.

கடைக்காரி நோர்மா ஐம்பது வயது மலாய்க்காரி. தலையில் பூப்போட்ட தூடோங் முக்காடு. ஷர்மினி சொட்டச் சொட்ட நிற்பதைப் பார்த்து, "அடடா, காய்ச்சல் வந்துடும் அடிக்," என்று தங்கச்சி முறை வைத்து மலாயில் சொல்லிக்கொண்டே ஒரு துண்டோடு வந்தாள். முதுகைத் துடைக்கக் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன காக்?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள் ஷர்மினி.

"முதுகு நனையல."

ஷர்மினி கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினாள். தோளிலிருந்து இடுப்பு வரை சட்டை காய்ந்து, கதகதப்பாக இருந்தது. குனிந்து பார்த்தாள். முன்பக்கம் முழுக்கப் பிழிய வேண்டிய ஈரம். ஆனால் இடுப்பைச் சுற்றி மட்டும் இரண்டு பட்டைகள் காய்ந்திருந்தன.

இரண்டு கைகள் இறுக்கிப் பிடித்திருந்த அகலத்துக்கு.

நோர்மா அப்போதுதான் வண்டியைப் பார்த்தாள். துண்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் எதையோ ஓதினாள். பிறகு கேட்டாள்:

"அந்த ஆளு மோட்டார் உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

"உங்களுக்கு அவரத் தெரியுமா?"

"கீழ அந்த வளைவுல பார்த்தேன். ஒரு சாயங்காலம் நான் கடையச் சாத்திட்டு எறங்கறேன். இந்த மோட்டார ஸ்டாண்டு போட்டு நிறுத்திட்டு, துணியால தொடச்சிக்கிட்டு இருந்தான். தனியாத்தான் நின்னான். என்ன விசயம், ஒத்தாச வேணுமான்னு கேட்டேன். எஞ்சின் சூடாயிடுச்சு, ஆற விட்டிருக்கேன்னான். நல்லா சிரிச்சுப் பேசினான்." நோர்மாவின் குரல் தணிந்தது. "கீழ ஏதோ சத்தம் கேட்டுச்சு. யாரோ கூப்பிடற மாதிரி. என்ன அதுன்னு கேட்டேன். குரங்கு காக்னு சொன்னான். இங்கதான் குரங்கு நெறைய ஆச்சே. நானும் போயிட்டேன்."

மழை தகரத்தில் அடித்தது. ஷர்மினி கிட்டே நெருங்கினாள்.

"அப்புறம்?"

"இருட்டற நேரத்துல ஆம்புலன்ஸ் ஏறிப் போச்சு. பொண்டாட்டி பின்னாலேருந்து தவறி பள்ளத்துல விழுந்துட்டா, விழுந்த எடத்துலயே உசிரு போயிடுச்சுன்னு சொன்னாங்க. இல்ல அடிக். நான் கேட்டப்போ அவளுக்கு உசிரு இருந்துச்சு. புருசனக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தா."

"போலீஸ்ல சொல்லலையா காக்?"

"போய்ச் சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க. அவன் அழுத அழுகைய நீ பாக்கல. அதிர்ச்சியில என்ன பண்ணேன், யாருகிட்ட என்ன பேசினேன்னே தெரியலன்னு சொல்லிட்டான். எல்லாரும் பாவம்னு அவனுக்குத் தண்ணி குடுத்தாங்க." நோர்மா துண்டை மெல்ல மடித்தாள். "நானும் குடுத்தேன்."

மழை குறைந்தது. போகும்போது நோர்மா வண்டிக்குப் பக்கத்தில் வந்தாள். ஷர்மினியைப் பார்க்காமல், காலியான அந்தக் கூம்பு மூடியைப் பார்த்து, "மன்னிச்சிடு அடிக்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டாள்.

ஷர்மினி வண்டியில் ஏறினாள். பின் ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் அமுங்கியது. இரண்டு கைகள் வந்து இடுப்பைப் பற்றின. தைல வாசம். காதோரம் அதே கேள்வி, அதே பொறுமையான குரலில்.

"அவரு எங்க?"

இந்த முறை ஷர்மினி ஓடவில்லை. எஞ்சினைக் கிளப்பவுமில்லை. பள்ளத்துக்கு மேலே மிதந்த மழைப்புகையைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு கிடந்து கூப்பிட்டவளையும், மேலே நின்று வண்டி துடைத்தவனையும் நினைத்தாள்.

"சுங்கை பினாங்ல இருக்காருக்கா," என்றாள். "கெட்டியாப் புடிச்சுக்குங்க. கூட்டிட்டுப் போறேன்."

அந்த மலையை அத்தனை சுகமாக அவள் என்றுமே இறங்கியதில்லை. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் இருந்தவள் அவளோடு சேர்ந்து சாய்ந்தாள். தட்டவில்லை, விறைக்கவில்லை. பிரேக் பிடித்தபோது தலை வந்து முட்டவில்லை. போகிற இடம் தெரிந்த பயணி போல அசையாமல் வந்தாள்.

சுங்கை பினாங்கில் மழை பெய்த சுவடே இல்லை. சாயங்கால வெயிலில் பெண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசி வீட்டு வாசலில், கதவுக்கு நேரெதிராக வண்டியை நிறுத்தி ஹாரனை அழுத்தினாள்.

சுகுமாரன் இரும்புக் கதவைத் திறந்து வெளியே வந்தார். வண்டியைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனது.

"இத ஏன் இங்க கொண்டாந்தீங்க?"

ஷர்மினி இறங்கி, சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். "அக்காவத் தள்ளி விட்டீங்களாண்ணே?"

"யாரு... என்ன பேசறீங்க... அவளா விழுந்தா! சத்தியமா அவளா விழுந்தா!"

"அப்புறம் ஏன் நின்னுட்டே இருந்தீங்க?"

அவர் கை இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் துணியைத் தேடி எடுத்தது. மடித்தது. பிரித்தது. பேசியபோது குரல் குழந்தையிடம் கதை சொல்வது மாதிரி மென்மையாக இருந்தது.

"ஒரே ஒரு தடவ தனியா ஓட்டிப் பாக்கணும்னு இருந்துச்சு தங்கச்சி. எங்க கெளம்பினாலும் பின்னால வந்து ஏறிடுவா. மெதுவா போங்க, நிறுத்துங்க, பயமா இருக்குங்கன்னு தோளத் தட்டிக்கிட்டே வருவா. அன்னிக்குக் கோவத்துல வேகமா முறுக்கிட்டேன். திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். கீழருந்து கூப்பிட்டா. போகணும்னுதான் நெனச்சேன். கொஞ்சம் பொறுத்துப் போகலாம், கொஞ்சம் பொறுத்துப் போகலாம்னு..." அவர் துணியை மறுபடி மடித்தார். "அப்புறம் சத்தம் நின்னுடுச்சு."

ஷர்மினிக்குப் பின்னால் ஒரு சின்னச் சத்தம்.

கிரீச்.

திரும்பினாள். யாரும் தொடாத வண்டியின் பின்பகுதி, அமுங்கியிருந்த ஸ்பிரிங் நிமிர, மெல்ல மேலே எழும்பியது. பின்னால் இருந்த ஒருவர் காலைத் தூக்கி இறங்கினால் எழும்புமே, அப்படி.

தைல வாசம் அவளைக் கடந்து போனது. அதோடு அழுகின இலைகளின் வாசமும்.

சுகுமாரனின் கண்கள் எதையோ தொடர்ந்தன. தரையோடு தரையாக, தம் வாசலை நோக்கி. அவர் சுவரோடு ஒட்டி ஒதுங்கினார். யாருக்கோ வழிவிடுகிறவர் மாதிரி. வாசலில் கிடந்த மிதியடி லேசாக நகர்ந்தது.

உள்ளே குழாய் திறக்கிற சத்தம். எவர்சில்வர் குவளையில் தண்ணீர் நிறைகிற சத்தம். வெகுதூரம் போய் வந்த ஒருத்தி, தன் வீட்டில், தாகத்துக்குக் குடிக்கிறாள்.

குவளை மேடையில் வைக்கப்பட்டது.

"ஏங்க..."

சுகுமாரன் வீறிட்டார். பேசிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். "உள்ள போயிட்டா... உள்ள போயிட்டா..." என்று பிதற்றிக்கொண்டே பாய்ந்து வந்து, ஷர்மினியின் கையிலிருந்து சாவியைப் பறித்தார். வண்டியில் தாவி ஏறினார். அவருக்கு அப்போது தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அவள் வீட்டுக்குள் இருக்கிறாள், வண்டி காலியாக இருக்கிறது.

எஞ்சின் உறுமியது.

ஸ்பிரிங் அமுங்கியது.

அவர் உட்கார்ந்ததற்கு அல்ல. அவர் உட்கார்ந்து முடித்த பிறகு, இன்னொரு முறை.

ஷர்மினி அதைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். "அண்ணே, எறங்குங்க" என்று சொல்ல நேரம் இருந்தது. அவர் கிளட்சை விடுவதற்கு முன்னால் தாராளமாக நேரம் இருந்தது.

வாயை மூடிக்கொண்டாள்.

வண்டி தெருமுனையில் திரும்பியபோது அவர் இடது தோள் ஒரு பக்கமாகக் குலுங்கியது. மறுபடி குலுங்கியது. பிறகு கண்ணுக்கு மறைந்தது.

அவரைக் கண்டெடுத்தது மறுநாள் பகலில். பட்டணத்தில் எத்தனையோ ரோடு இருக்க, அத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு ஏன் அந்த மலைக்குப் போனார் என்று யாருக்கும் புரியவில்லை. பள்ளத்தில், ஜாதிமரத்தடியில், முதுகெலும்பு நொறுங்கி, உயிரோடு கிடந்தார். கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகியிருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நோர்மாதான்.

ஷர்மினி பிறகொரு நாள் பஸ் பிடித்துக் கடைக்குப் போனபோது, "எப்பக் கேட்டுச்சு காக், அவரு கூப்பிட்ட சத்தம்?" என்று கேட்டாள்.

நோர்மா ஜாதிக்காயின் சதையைச் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

"குரங்குன்னு நெனச்சேன்," என்றாள்.

வண்டி நசுங்கிப்போய், பழைய இரும்புக்குப் போய்விட்டது. எல்லாம் முடிந்தது என்றுதான் ஷர்மினி நினைத்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மாதங்கள் சில கழித்து ஒரு மத்தியானம், சுகுமாரனை வைத்திருந்த மருத்துவமனைக்குப் போனாள்.

வார்டுக்கு வெளியே, தோட்டத்திலிருந்து ஏறிவரும் சிமெண்டுச் சரிவின் அடியில், சக்கர நாற்காலியில் அவர் இருந்தார். ஆளே உருமாறியிருந்தார். கன்னம் ஒட்டி, கைகள் குச்சியாகி, சட்டைக்குள் வெறும் எலும்பு மட்டும் இருப்பது போலிருந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த ஃபஸீலா என்ற தாதி, வியர்வையைத் துடைத்தபடி மூச்சு வாங்கினாள்.

"நீங்க இவருக்குச் சொந்தமாக்கா?"

"இல்ல. இவருகிட்ட ஒரு பைக் வாங்கினேன்."

"ஒருத்தர்கூட வந்து பாக்கறதில்ல, பாவம். பேச்சும் கெடையாது." ஃபஸீலா குரலைத் தாழ்த்தினாள். "ஒரு கை குடுக்கறீங்களா? பாத்தா காத்துல பறந்துடற மாதிரி இருக்காரு. தள்ளினா நகர மாட்டேங்குது. நாற்காலிய மாத்திப் பாத்துட்டோம், சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுப் பாத்துட்டோம். எப்பவும் ரெண்டு பேரு வேண்டியிருக்குலா."

ஷர்மினி கைப்பிடியைப் பற்றித் தள்ளினாள். நாற்காலி முனகியது. சரிவின் சிமெண்டில் டயர்கள் பிதுங்கின.

இரண்டு ஆள் கனம். அந்தக் கனம் அவளுக்குத் தெரியும்.

பாதிச் சரிவில் சுகுமாரனின் தலை மெல்லத் திரும்பியது. வெளுத்துப்போன உதடுகள் அசைந்தன. ஷர்மினி குனிந்தாள்.

"எறங்கச் சொல்லு தங்கச்சி," என்றார் அவர். "எறங்கச் சொல்லு..."

"அல்லா, பேசறாரே!" ஃபஸீலா கைப்பிடியை விட்டுவிட்டு வியந்து போனாள். "யார எறங்கச் சொல்றாரு?"

ஷர்மினி கைப்பிடியிலிருந்து கைகளை எடுத்துக்கொண்டாள். சரிவில் விட்ட நாற்காலி பின்னால் உருண்டிருக்க வேண்டும். உருளவில்லை. அவர் மடியில் போர்த்தியிருந்த போர்வை மட்டும், யாரோ வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வது போல, நடுவில் மெதுவாக அழுந்தியது.